வீட்டில நவராத்திரி முளை: பிள்ளைகளுக்கு என்ன வேலை?

உவர்மலை:
இந்த நவராத்திரியில இருந்து வீட்டிலயும் கும்பம் வைச்சு, சுற்றி நெல் முளை போட யோசனை. வருசா வருசம் பிள்ளைகளே செய்யக்கூடியதா சொல்லுங்கோ.

நிலாவெளி:
விதைநெல்லா வாங்குங்கோ, புழுங்கல் நெல் முளைக்காது. தொடங்க 2 நாளைக்கு முதல் 24 மணித்தியாலம் ஊறவிட்டு, வடிச்சு, ஈரச் சாக்கில கட்டி வைக்கோணும். வெள்ளை முனை தெரிஞ்சா விதைக்கலாம். அகலச் சட்டியில 2 அங்குல மண் போதும், அடியில துளை கட்டாயம். தண்ணியைக் கையால தெளிக்கட்டும். வாளியைக் குடுத்தா பூஞ்சணம்தான்!

பாலையூற்று:
பயறு கலக்காதேங்கோ, கெதியா வளர்ந்து விஜயதசமிக்கு முதலே சாயும். இருட்டில வைச்சா முளை மஞ்சள். பச்சை வேணுமெண்டா யன்னலோரம். படையல் கடலை மூத்த பிள்ளையின்ர பொறுப்பு: இரவே ஊறப்போட்டா அவிக்க அப்பச்சோடா தேவையில்லை.