ஏவிஎன் (ரத்த ஓட்டம் நின்று எலும்பு சாகும் நோய்) உள்ளவருக்கு இடுப்பு முறிந்தால்

தொடை எலும்பின் கழுத்து விலகாமல் முறிந்திருந்தால் பெரும்பாலும் மூன்று ஸ்க்ரூ போதும். "ஏற்கெனவே ஏவிஎன் இருந்தா?" என்று மேலூர்க்காரர் ஒருவர் கேட்டார். அப்படியானால் கதை வேறு.

ரத்த ஓட்டம் நின்று செத்த பந்தில் (தொடை எலும்பின் உருண்டைத் தலையில்) ஸ்க்ரூவுக்கு நல்ல பிடிமானம் இல்லை. எலும்பு கூடினாலும், பந்து நசுங்கும்போது ஸ்க்ரூ முனை வெளியே வந்து, பந்து உட்காரும் இடுப்பெலும்புக் கிண்ணத்தைக் கீறலாம். எலும்பில் துளை போட்டு உள்ளழுத்தம் குறைக்கும் ஏவிஎன் சிகிச்சையெல்லாம் பந்து நசுங்குவதற்கு முன்னாடிதான். ஆகவே பெரும்பாலும் முழு மூட்டு மாற்றுதான். கிண்ணம் நன்றாக உள்ள, நடமாட்டம் குறைந்த முதியவருக்குப் பந்தை மட்டும் மாற்றலாம்.

மறுபக்க இடுப்புக்கும் எம்ஆர்ஐ கேளுங்கள். ஸ்டீராய்டோ குடியோ காரணமென்றால் இரண்டும் கெட்டிருப்பது சகஜம்.

மூட்டு மாற்றைப் பின்பக்கமாகத் திறந்து செய்திருந்தால் 6 முதல் 12 வாரம் இடுப்பு 90 டிகிரிக்கு மேல் மடங்கக் கூடாது, மூட்டு நழுவும். சம்மணம், தரைக் கக்கூஸ் ஆகாது. பெரியாஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பும் முன்பே கம்மோடு நாற்காலி வாங்கிவிடுங்கள். இருக்கை முழங்காலைவிட உயரமாக இருக்கணும்.