ஆத்தங்கரை ரோட்டில் ஓயாத பஞ்சர், கிராங்கில் "டக்" சத்தம்: என்ன செய்யலாம்?

கேள்வி: குடமுருட்டி

வணக்கம். வண்டி பழைய ரோட்ஸ்டர், 28 x 1½ டயர், காட்டர் பின் (கிராங்கை அச்சோடு பூட்டும் சாய்ந்த ஆணி) வைத்த கிராங்க். ஓட்டம் திருவையாறு – திருக்காட்டுப்பள்ளி ஆத்தங்கரை ரோடு, நடுவில் கொஞ்சம் வாய்க்கால் கரை மண்பாதை. சித்திரை பிறந்ததிலிருந்து பின் டயர் ஓயாமல் பஞ்சர். ஒட்டின இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி ஓட்டை விழுகிறது. அதோடு அழுத்தி மிதித்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு "டக்". டயரை மாற்றணுமா, முழுசா பிரித்து ஓவராயில் பண்ணணுமா? மழைக்கு முன்னால் வண்டியைத் தயார் பண்ணவும் யோசனை சொல்லுங்கள்.

பதில்: வெண்ணாறு

ஒட்டின இடத்துக்குப் பக்கத்திலேயே ஓட்டை என்றால் முள் இன்னும் டயருக்குள்தான் இருக்கு. டயரை மாற்ற அவசரப்படாதீங்க.

ஜூன் 12 மேட்டூர் திறப்புக்கு முன்னால், கோடையில்தான் ஆறு வாய்க்கால் தூர்வாருவார்கள். வெட்டின சீமைக்கருவையைக் கரைமேலேயே போட்டுவிடுவார்கள். அது காய்ந்து, லாரியும் டிராக்டரும் ஏறி நொறுங்கி, முள் மட்டும் ரோட்டில் சிதறிக் கிடக்கும். டயரில் ஏறின முள் வெளிப்பக்கம் ஒடிந்துவிடும், நுனி ரப்பருக்குள்ளேயே தங்கிவிடும். காற்று அடித்து ஆள் உட்கார்ந்ததும் நுனி டியூபைத் தொடும். வெளியே தடவிப் பார்த்தால் கைக்கு ஒன்றும் தட்டாது.

டயரை மாட்டும்போதே அதன் பெயர் எழுத்து வால்வுக்கு நேராக வரும்படி மாட்டிப் பழகுங்க. டியூபில் ஓட்டை வால்விலிருந்து எத்தனை சாண் தள்ளி இருக்கு என்று பார்த்தால், டயரில் அதே தூரத்தில் தேடினால் போதும். டியூபைத் திருப்பிப் போட்டிருக்க வாய்ப்பு உண்டு, அதனால் வால்வுக்கு இரண்டு பக்கமும் பாருங்க. விரலை விட்டுத் தேடாதீங்க, கிழித்துவிடும். பஞ்சை உருட்டி டயரின் உள்பக்கம் மெதுவாக இழுத்தால் முள் இருக்கிற இடத்தில் நூல் மாட்டும். அங்கே டயரை வெளிப்பக்கமாக மடக்கினால் நுனி தலைகாட்டும். குறட்டால் பிடித்து இழுங்க. பிடிபடவில்லை என்றால் வெளியிலிருந்து ஊசியால் உள்பக்கம் தள்ளி எடுங்க. ஒன்று கிடைத்ததும் நிறுத்தாமல் முழு வட்டமும் பஞ்சை ஓட்டணும். மண்பாதையில் நெருஞ்சி ஏறியிருந்தால் நாலைந்து இடத்தில் இருக்கும்.

அடுத்தடுத்து இரட்டைக் கீறலாக இருந்தால் அது முள் வேலை இல்லை. காற்று குறைந்த வண்டி பாலத்து விளிம்பில் மோதி, டியூப் ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவில் நசுங்கினது. 70 கிலோ ஆளுக்கு இந்த டயரில் பின்னால் 50, முன்னால் 45 பி.எஸ்.ஐ. வைக்கலாம். 28 x 1½ டயரைக் கல் மாதிரி அடித்தால் மண்பாதையில் பிடிப்பும் போகும், முள்ளும் சுலபமாக ஏறும்.

ஒட்டும்போது உப்புத்தாளால் பேட்சைவிடப் பெரிய வட்டமாகத் தேயுங்க, சொலூஷனை மெல்லிசாகத் தடவுங்க. மினுமினுப்பு அடங்கினபிறகே பேட்ச் வைக்கணும். வெயில் காலத்தில் ஐந்து நிமிஷம், ஐப்பசி ஈரத்தில் அதற்கு மேலும் ஆகும். ஈரமாக ஒட்டின பேட்ச் ரோடு சூட்டில் நழுவிவிடும்.

பதில்: அரசலாறு

"டக்" பற்றி மட்டும் சொல்கிறேன். ஓவராயில் வேண்டாம், முதலில் காட்டர் பின்னைப் பாருங்க.

இரண்டு கிராங்க்கும் படுக்கை வசமாக இருக்கும்படி நிறுத்தி, பிரேக்கைப் பிடித்துக்கொண்டு, முன்பக்கப் பெடலைக் கையால் பலமாக அழுத்துங்க. அரைச் சுற்று திருப்பி மறுபடி அழுத்துங்க. கிராங்க் மட்டும் அச்சைவிட்டுத் துள்ளினால் பின் தேய்ந்திருக்கு. இரண்டு கிராங்க்கும் சேர்ந்து பக்கவாட்டில் ஆடினால் அச்சின் பால்ரஸ் ஓடுகிற கப்பு லூஸ். இரண்டும் இல்லை, பெடல் மட்டும் ஆடுகிறது என்றால் பெடலுக்குள் இருக்கிற கோன் லூஸ். பெரும்பாலும் முதலில் போவது இடதுபக்கப் பின்தான்.

இங்கேதான் நிறையப் பேர் வண்டியைக் கெடுக்கிறார்கள். நட்டை இறுக்கினால் பின் உள்ளே ஏறிவிடும் என்று நினைத்து முறுக்கி, மரை போய்விடுகிறது. நட்டு பின்னைப் பிடித்து நிறுத்த மட்டும்தான், பின்னை இறக்க வேண்டியது சுத்தியல். கிராங்க்குக்கு அடியில் தரைவரை எட்டும் இரும்புக் குழாய் ஒன்றை முட்டுக் கொடுங்க, பின்னின் மரை முனை குழாய் வாய்க்குள் இறங்கணும். முட்டு இல்லாமல் அடித்தால் அடி முழுக்க பால்ரஸ்மேல் இறங்கி கப்பில் குழி விழும். பிறகு எவ்வளவு கிரீஸ் வைத்தாலும் கரகரப்பு போகாது.

பின்னின் சாய்ந்த முகத்தைப் பாருங்க. அச்சு பதிந்து படி மாதிரி தேய்ந்திருந்தால் தூக்கிப் போடுங்க. புதுசு வாங்கும்போது பழைய பின்னைக் கையோடு கொண்டுபோங்க, தடிமனும் சாய்வும் ஒத்துப்போகணும். வலது கிராங்க் முன்னால் நிற்கும்போது நட்டு மேலே இருந்தால், இடது கிராங்க் முன்னால் வரும்போதும் மேலேயே இருக்கணும். மாறிப் போட்டால் இரண்டு பெடலும் ஒரே கோட்டில் நிற்காது, முழங்கால் வலி எடுக்கும். மாட்டி ஒரு நாள் ஓட்டியபின் மறுபடி இரண்டு தட்டு தட்டி, நட்டை அளவாக இறுக்குங்க.

கப்பைக் கழற்ற நேர்ந்தால் ஞாபகம் இருக்கட்டும்: செயின் பக்கத்துக் கப்புக்கு இடது மரை, வலம்சுற்றாகத் திருப்பினால்தான் கழலும். பால்ரஸ் கால் அங்குலம், பக்கத்துக்கு 11.

பதில்: கீழணை

மழைக்குமுன் செயினை அளந்துவிடுங்க. புதுச் செயினில் ஒரு கண்ணியின் பின்னிலிருந்து இன்னொரு கண்ணியின் பின்வரை 12 அங்குலம் வரும் தூரம் 12⅛ ஆகிவிட்டால் பல்சக்கரத்தையும் தின்றிருக்கும். 12 1/16 வந்ததுமே மாற்றுவது லாபம்.

வண்டல் மண் நைஸாக இருப்பதால் எண்ணெயோடு கலந்து அரைக்கும். பழைய இன்ஜின் ஆயில் கண்டிப்பாக வேண்டாம், கரியும் இரும்புத் தூளும் அதிலேயே இருக்கு. மண்ணெண்ணெயில் கழுவி, நன்றாகக் காயவைத்து, ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு விட்டு, அரை மணி கழித்து வெளிப்பக்கத்தை வறட்டுத் துணியால் துடைங்க. செயின் தொய்வு அரை அங்குலம் இருக்கட்டும். மிதித்துச் சுற்றிக்கொண்டே நாலு இடத்தில் பாருங்க, எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது.

தரைப்பாலத்தில் ஹப் முங்குகிற அளவு தண்ணீரில் இறங்கினால், கிரீஸ் பால் மாதிரி வெளுத்துவிடும். அந்த வாரமே பிரித்துப் புது கிரீஸ் வையுங்க.

மாசி பங்குனியில் ரோட்டில் உளுந்துச் செடியைப் பரப்பியிருந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்க. கொடி பிரீவீலில் சுற்றினால் பின்சக்கரம் கட்டிக்கொள்ளும். விவசாயியின் உழைப்பு அது, ஓரமாகவே போகணும். காயப் போட்ட நெல்மேல் பிரேக் பிடித்தால் முன்சக்கரம் வழுக்கும்.

குடமுருட்டி

பஞ்சை இழுத்ததில் மூன்று நுனி கிடைத்தது, நன்றி. உள்ளே சீலண்ட் (ஓட்டையைத் தானே அடைக்கும் திரவம்) ஊற்றலாமா? வால்வு பக்கமும் லேசாகக் காற்று இறங்குகிறது.

பதில்: வெண்ணாறு

உங்கள் வால்வில் சீலண்ட் வேண்டாம், வால்டியூப் (வால்வுமேல் மாட்டுகிற சின்ன ரப்பர் குழாய்) ரப்பரில் ஒட்டிப் பிசின் பிடிக்கும். நெருஞ்சிக்குப் பழைய டியூபை நீளவாக்கில் கிழித்து, வால்வுப் பகுதியை வெட்டிவிட்டு, டயருக்கும் டியூபுக்கும் நடுவில் போடுங்க. முனை இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறக் கூடாது, ஏறினால் அந்த விளிம்பே டியூபை அறுக்கும். வண்டி கொஞ்சம் கனக்கும். நீளமான கருவை முள்ளை இதுவும் தடுக்காது.

வால்வு வாயில் எச்சில் தொட்டு வையுங்க. குமிழி வந்தால் வால்டியூபை மட்டும் மாற்றுங்க. புதுசு கடைசிவரை ஏறி, வால்வில் இருக்கிற துளையை முழுசா மூடணும்.