இமை ஆபரேஷனுக்குப் பிறகு வலது கண் முழுசாக மூடவில்லை

தோவாளைக்காரி:
மேல் இமைத் தோல் தொங்கி, புருவத்தைத் தூக்கித் தூக்கியே பூக்கட்ட வேண்டியிருந்தது. அழகுக்காகவும்தான், பொய் சொல்லவில்லை. திருவனந்தபுரத்தில் போய் இரண்டு கண்ணிலும் கூடுதல் தோலை எடுத்துவிட்டு வந்தேன். தையல் பிரித்தாயிற்று, ரத்தக்கட்டும் மஞ்சளாகி மறைந்துவிட்டது.

ஆனால் தூங்கும்போது வலது கண் மூட மாட்டேன் என்கிறது. வீட்டுக்காரர் டார்ச் அடித்துப் பார்த்து, வெள்ளை கீற்றாகத் தெரிகிறது என்கிறார். காலையில் எழுந்தால் ஒரே மணல் உறுத்தல். போதாக்குறைக்கு ஆடிக் காற்று. முப்பந்தலில் காற்றாலையைச் சும்மாவா வைத்தார்கள்? ஸ்கூட்டரில் ஆரல்வாய்மொழி தாண்டுவதற்குள் கண்ணீர் கொட்டுகிறது.

தையல் கோட்டில் கடுகைவிடச் சின்னதாக வெள்ளைப் பொட்டுகள் வேறு. மைனி அதைச் சீழ் என்கிறார், நந்தியாவட்டைப் பூவைப் பிழிந்துவிடச் சொல்கிறார். விடலாமா? ஓணம் வந்தால் சந்தையில் நிற்க நேரமிருக்காது, அதற்குள் சரியாகுமா?

ஓய்வுபெற்ற நர்ஸ், நாகர்கோவில்:
அக்கா, நந்தியாவட்டையைச் சாமிக்கு வையுங்கள். கண்ணுக்குள் பூச்சாறு போனால் கிருமியும் சேர்ந்து போகும்.

வீக்கத்தால் இமை விறைத்திருக்கும், மூடும் தசைக்கும் பலம் திரும்ப வேண்டும். பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகும். தூக்கத்தில் கருவிழி தானாக மேலே உருண்டுவிடும், அதனால்தான் அவருக்கு வெள்ளை தெரிந்தது. பயப்படாதீர்கள். ஆனாலும் மணல் உறுத்தல் என்றால் கண் காய்கிறது. கண் டாக்டரிடம் போய், மஞ்சள் சாயம் விட்டு நீல வெளிச்சத்தில் கருவிழியைப் பார்க்கச் சொல்லுங்கள். பகலுக்குச் சொட்டு மருந்து, இரவுக்குக் களிம்பு தருவார்கள். களிம்பு போட்டால் பார்வை மங்கும், படுத்தபிறகு போடுங்கள்.

பொட்டுகள் வலிக்காமல் கெட்டியாக இருந்தால் சீழ் இல்லை. தையல் போன வழியில் தோல் செல்கள் அடைபட்டு வருவது. கிள்ளாதீர்கள், போகாவிட்டால் டாக்டர் ஊசிமுனையால் எடுத்துவிடுவார். சிவந்து சூடாக இருந்தாலோ, வலி கூடினாலோ, வெளிச்சம் பார்க்கக் கூசினாலோ, இமைத்த பிறகும் பார்வை தெளியாவிட்டாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

குளச்சல்காரன்:
எனக்கும் இதே ஆபரேஷன்தான், சேச்சி. ஃபேன் எங்கே இருக்கிறது என்று யாருமே கேட்கவில்லையே! என் கட்டிலில் நேராக முகத்தில் அடித்தது. தலைமாட்டை மாற்றிப் படுத்த பிறகுதான் காலை உறுத்தல் குறைந்தது. வெளியே போக, பக்கவாட்டும் மூடிய கண்ணாடி வாங்குங்கள். வெயில் பட்டால் தழும்பு கறுக்கும், அதற்கும் ஆகும்.

தோவாளைக்காரி:
ஃபேன் என் மூக்குக்கு நேர் மேலேதான்! தலைமாட்டை மாற்றிவிட்டேன். இங்கே ஒரு கண் டாக்டர் சாயம் விட்டுப் பார்த்தார், கருவிழியின் கீழ்ப்பக்கம் காய்ந்து புள்ளிபுள்ளியாக இருக்கிறதாம், புண் இல்லை. களிம்பு தந்திருக்கிறார், சில வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். சந்தைக்குப் போகலாம், கண்ணாடி கட்டாயம், பூக்கூடை தொட்ட கையால் கண்ணைத் தேய்க்கக் கூடாது என்றார். இந்தக் களிம்பு காலையில் இமைமுடியில் பசையாக ஒட்டுகிறதே, எதால் துடைப்பது?

ஓய்வுபெற்ற நர்ஸ், நாகர்கோவில்:
கையைக் கழுவிவிட்டு, கொதித்து ஆறிய தண்ணீரில் பஞ்சை நனைத்து மூக்குப் பக்கத்திலிருந்து வெளியே ஒரே இழுப்பு. அடுத்த கண்ணுக்கு வேறு பஞ்சு.