அணில் தொல்லைக்கு என்ன செய்தீர்கள்? வேலூர்ப் பக்கத்து அனுபவங்கள்

சத்துவாச்சாரி:
மாடியில் துணி காயப் போட முடியவில்லை. கொடியில் கிடக்கிற பருத்தித் துண்டின் ஓரத்தைக் கடித்து, நூல் நூலாகப் பிரித்து எடுத்துப் போகிறது அணில். ஏசியின் செப்புக் குழாயைச் சுற்றியிருந்த கறுப்பு நுரையும் போயிற்று. இப்போது குழாய் வேர்த்துச் சுவரில் தண்ணீர் வழிகிறது. சமையலறை ஜன்னலின் நைலான் கொசுவலையில் கை நுழைகிற அளவுக்கு ஓட்டை. உள்ளே வந்து தக்காளியைக் கடித்துவிட்டுப் போகிறது. மாமியார், "ராமர் முதுகைத் தடவிக் கொடுத்த ஜீவன், கை வைத்தால் பாவம்" என்கிறார். வீட்டுக்காரர் எலி பேஸ்ட் வைத்துவிடலாம் என்கிறார். எனக்கு அதிலும் மனசு ஒப்பவில்லை. வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

காட்பாடி, காந்தி நகர்:
அக்கா, எலி பேஸ்ட் பேச்சையே எடுக்க வேண்டாம். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த பேஸ்ட் மனிதர் வயிற்றுக்குள் போனால் கல்லீரலையே செயலிழக்கச் செய்துவிடும், முறிக்கிற மருந்து கிடையாது. நம்ம சிஎம்சி மருத்துவர்கள் இதற்கான சிகிச்சையைப் பற்றி ஆய்வுக் கட்டுரைகளே எழுதியிருக்கிறார்கள் என்றால் எத்தனை பேரைப் பார்த்திருப்பார்கள், யோசித்துக்கொள்ளுங்கள். தக்காளித் துண்டில் அதைத் தடவிச் சமையலறை ஜன்னலில் வைப்பதா! ஒட்டும் அட்டையும் வேண்டாம். ஒட்டிக்கொண்ட அணில் நாள் முழுக்கக் கத்தும், அப்புறம் அதைப் பிய்த்தெடுக்க வீட்டில் ஒருவரும் முன்வர மாட்டார்கள்.

எங்கள் வீட்டில் பலன் தந்தது கம்பி வலைதான். அணிலின் முன்பற்கள் சாகிற வரை வளர்ந்துகொண்டே இருக்கும், எதையாவது கடித்துத் தேய்த்தாக வேண்டும். அதன் முன்னால் நைலானும் பிளாஸ்டிக்கும் நிற்காது. ஜன்னலுக்கு ஸ்டீல் கொசுவலை அடித்தோம். எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட்டைக்குக் கிரில் பட்டறையில் சொல்லி அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ் வெட்டி வாங்கி, வெளிப்பக்கம் திருகி மாட்டினோம். ஏசி குழாய்க்குப் புது நுரை சுற்றி, அதன்மேல் பிவிசி குழாயை நீளவாக்கில் பிளந்து மூடியாகப் போட்டார் மெக்கானிக். வெறும் நுரையை மட்டும் மாற்றினால் அணிலுக்குப் புது மெத்தை வாங்கிக் கொடுத்த கதைதான்.

தோட்டப்பாளையம்:
நாங்கள் செய்து பார்த்தவை: மிளகாய்த் தூள், காற்றடித்தால் நம் கண்ணுக்குத்தான் வருகிறது. அந்துருண்டை, திறந்தவெளியில் கரைந்து போகிறது, குழந்தை வாயில் வைத்துவிடுமோ என்ற பயம் தனி. ரப்பர் பாம்பு, கொஞ்ச நாள் மிரண்டது, அப்புறம் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து கொய்யாக்காய் தின்றது.

வேலப்பாடி:
எங்களுடையது பழைய ஓட்டு வீடு. சுவருக்கும் ஓட்டுக்கும் நடுவே இருந்த சந்து வழியாக வந்து பரணில் கூடு கட்டிவிட்டது. ஆயாவின் இலவம்பஞ்சுத் தலையணையைக் கிழித்து, தேங்காய் நார், துடைப்பக் குச்சி, என் பள்ளிக்கூட ரிப்பன் எல்லாம் சேர்த்து ஒரு பந்து. கொத்தனாரை அழைத்துச் சந்தை அன்றைக்கே அடைத்துவிடலாம் என்றார் அப்பா. ஆயா விடவில்லை. "டார்ச் அடிச்சுப் பாருடா, குட்டி இருக்கும்" என்றார். இருந்தது. கண் திறக்காத குட்டிகள்.

இந்த இடத்தில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். குட்டியை உள்ளே வைத்து அடைத்தால் தாய் வெளியில் நின்று கத்திக்கொண்டே இன்னொரு ஓட்டைப் பெயர்க்கப் பார்க்கும். குட்டிகள் உள்ளே செத்து நாறும். வாசலில் எறும்பும் ஈயும் மொய்க்க, பரணையே பிரிக்க வேண்டி வரும்.

நாங்கள் பரணில் ஒரு பல்பைப் போட்டு, பக்கத்தில் பழைய ரேடியோவைப் பாட விட்டோம். வெளிச்சமும் சத்தமும் பிடிக்காமல் தாயே ஒவ்வொரு குட்டியாக வாயில் கவ்விக்கொண்டு பக்கத்து வீட்டுப் புங்க மரத்துக்குக் குடித்தனம் மாற்றிவிட்டது. (அந்த வீட்டுக்காரர்களிடம் இன்று வரை சொல்லவில்லை.) அதற்குள் தம்பி மகன் ஒரு குட்டியை வெறும் கையால் தூக்கப் போய், தாயிடம் விரலில் கடி வாங்கினான். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு டாக்டரிடம் காட்டினோம். ஊசி வேண்டுமா வேண்டாமா என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும், நாமாக விட்டுவிடக் கூடாது.

சந்தை அடைப்பதைப் பகலில் செய்யுங்கள். அணில் பகலில் மேயும், ராத்திரி கூட்டில் தூங்கும். வெயில் ஏறி எல்லாம் வெளியே போன பிறகு, ஒருமுறை டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு வலை வைத்துச் சிமெண்ட் பூசினால் போதும். இதையே வைத்து இன்னொன்றும் தெரிந்துகொள்ளலாம்: நடு ராத்திரியில் பரணில் ஓடுகிற சத்தம் கேட்டால் அது அணில் இல்லை, எலி. அதற்கு வைத்தியம் வேறு.

பாகாயம்:
எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் எலிக்கூண்டில் வேர்க்கடலை வைத்துப் பிடித்து, பாலாற்றங்கரையில் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவார். ஒன்று போனால் அந்த இடத்துக்கு இன்னொன்று வந்துவிடுகிறது. கொய்யா மரமும் திறந்த குப்பைக்கூடையும் அப்படியே இருக்க, வராமல் என்ன செய்யும்? பிடிபட்டது பால் கொடுக்கிற தாயாக இருந்தால் குட்டிகளின் கதி என்ன என்று அவரிடம் கேட்டேன். பதில் இல்லை. இப்போது அவரும் மாதுளைக்கு வலைப்பை கட்டுகிறார்.

குடியாத்தம் பக்கம்:
டவுனில் இருப்பவர்களுக்குத் துண்டு போனதே பெரிய கவலை. எங்களுக்குக் கொல்லையே (பயிர் நிலமே) போகிறது. மல்லாட்டை (வேர்க்கடலை) விதைத்த மறுநாள் போய்ப் பாருங்கள், வரப்பை ஒட்டிய சாலில் விதையை ஒவ்வொன்றாகத் தோண்டித் தின்றிருக்கும். நடுக் கொல்லைக்கு அவ்வளவாக வராது. பனை மரமும் வேலிப் புதரும் இருக்கிற ஓரந்தான் அதற்குப் பத்திரம். அதனால் விதைத்து முளை விடுகிற வரைக்கும் அந்த ஓரத்தில் மட்டும் ஆள் போட்டால் போதும், கொல்லை முழுக்கக் காவல் தேவையில்லை.

அக்னி நட்சத்திரத்தில் சொட்டுநீர்க் குழாயைக் கடிக்கும். தாகம், வேறு ஒன்றும் இல்லை. வரப்பில் அங்கங்கே பழைய சட்டியில் தண்ணீர் வைக்கச் சொன்னார் நைனா. கடிப்பது அடியோடு நிற்கவில்லை, ஆனால் ஜாயிண்ட் வாங்கக் கடைக்கு ஓடுகிற வேலை குறைந்தது. சட்டி காய்ந்து கிடந்தால் பழையபடி குழாய்க்கு வந்துவிடும்.

தென்னைக்குத் தகரம் சுற்றுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ஆள் உயரத்துக்கு மேல் ஒரு முழ அகலத்தில் வழுவழுப்பான தகரம் அடித்தாலும், மட்டை பக்கத்து மரத்தோடு உரசிக்கொண்டிருந்தால் பயனில்லை, மேலேயே தாவிவிடும். எங்கள் பெங்களூரா மாமரங்களில் ஒன்றும் செய்வதில்லை. கொஞ்சம் அதற்கு, மிச்சம் மண்டிக்கு.

ஆற்காடு:
2021 ஜூனில் அப்போதைய மின்துறை அமைச்சர் செந்தில்பாலாஜி, கம்பிகளில் அணில் ஓடுவதும் மின்தடைக்கு ஒரு காரணம் என்று சொன்னதும் ஊரே மீம்ஸ் போட்டுச் சிரித்தது ஞாபகம் இருக்கும். மின்வாரியத்தில் இருந்து ரிட்டையரான என் சித்தப்பா மட்டும் சிரிக்கவில்லை. ஒற்றைக் கம்பிமேல் ஓடுகிற அணிலுக்கு ஒன்றும் ஆகாது. கம்பத்தின் இரும்புக் கையில் உட்கார்ந்தபடி கம்பியையும் தொட்டால் மின்சாரம் அதன் உடம்பு வழியாக இறங்கி, ஃபியூஸ் போய்விடும். எல்லா மின்தடைக்கும் அணில்தான் காரணம் என்பதை அவரும் ஏற்க மாட்டார், அது வேறு விஷயம். உங்கள் வீட்டு சர்வீஸ் வயர்மேல் கிளை சாய்ந்திருந்தால் நீங்களே அரிவாளைத் தூக்காதீர்கள், மின்வாரிய ஆட்களிடம் சொல்லி வெட்டச் சொல்லுங்கள். மாடியை உரசுகிற மற்ற கிளைகளை ஆறேழு அடி தள்ளி நிற்கும்படி கழித்துவிட்டால் அணிலின் பாதி வழி அடைபடும்.

சத்துவாச்சாரி (வேறொருவர்):
எங்கள் தெருவில் எதிர் வீட்டு ஆயா தினமும் காலையில் மாடிச் சுவரில் பொரியும் சோறும் வைப்பார். காக்காய்க்கு என்று வைப்பதுதான், மிச்சத்தை அணில் தின்றுவிட்டு நேராக எங்கள் கொடிக்கு வரும். நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "ஆயா, பின்னாடி வேப்ப மரத்தடியில வெச்சீங்கன்னா நிழலா இருக்குமே" என்று மட்டும் சொன்னேன். சரி என்று மாற்றிக்கொண்டார். அதிலிருந்து எங்கள் மாடிக்கு வருகை குறைந்திருக்கிறது. அக்கா, உங்கள் தெருவில் யாராவது தீனி போடுகிறார்களா என்று முதலில் பாருங்கள்.

ராணிப்பேட்டை:
ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் ஒயரைக் கடிக்கிறதே, அதற்கு யாராவது வழி கண்டீர்களா?

காட்பாடி, காந்தி நகர்:
மரத்தடியில் நிறுத்துவதை விடுங்கள். சீட்டுக்கு அடியில் பிஸ்கட், கடலை உருண்டை எதுவும் வைக்காதீர்கள். மெக்கானிக்கிடம் சொன்னால் ஒயருக்கு இரும்புச் சுருள் உறை போட்டுத் தருவார். பல நாள் எடுக்காத வண்டியில் கூடு கட்டியிருக்கலாம், கிளப்புவதற்கு முன்னால் சீட்டைத் திறந்து பார்த்துவிடுங்கள்.