ஷவர் தளத்தை ஒட்டுவதா, பெயர்த்துப் புதிதாக அமைப்பதா?

அனைவருக்கும் வணக்கம். ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரில் கடற்கரையை ஒட்டிய எங்கள் வீட்டின் மாடிக் குளியலறையில், ஷவருக்குக் கீழே உள்ள தளத்தில் நான்கு டைல்கள் விரிசல் விட்டிருக்கின்றன. தட்டினால் உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல் ஓசை கேட்கிறது. நேர் கீழே, என் தாயார் உறங்கும் அறையின் கூரையில் ஈரக்கறை படர்ந்து பூச்சு உதிர்வதால் மிகுந்த கவலையாக உள்ளது.

எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பு நீர். உப்பிலுள்ள குளோரைடு கான்கிரீட்டுக்குள் இறங்கினால் கம்பி துருப்பிடித்துப் பருத்து, கான்கிரீட்டையே பிளந்துவிடும் என்பதால், டைல் இடுக்குகளை எபாக்சி என்னும் பிசின் கலவை கொண்டு அடைத்தாலே போதும் என்று கொத்தனார் சொல்வதை ஏற்க என் மனம் ஒப்பவில்லை. தளத்தை முழுவதும் பெயர்த்து, கம்பியைச் சோதித்து, நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சைச் சுவரிலும் ஓரடி உயரம் ஏற்றிப் பூசி, டைல் பதிக்கும் முன் 48 மணி நேரம் நீரைத் தேக்கிப் பார்ப்பதே சரியென்று தோன்றுகிறது. நீர் வடிகால் பக்கம் ஓடுவதற்கான வாட்டமும் (சரிவும்) இப்போது போதவில்லை.

பாம்பன், தங்கச்சிமடம், கீழக்கரைப் பகுதிகளில் இவ்வேலையைச் செய்து பார்த்தவர்கள், எந்த வகைப் பூச்சு உப்பு நீருக்குத் தாக்குப்பிடித்தது, துருவேறிய கம்பிக்கு என்ன செய்தீர்கள், வேலைக்கு எத்தனை நாள் ஆயிற்று என்பவற்றைத் தெரிவித்து உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன். வடகிழக்குப் பருவமழைக்கு முன் முடித்துவிட விரும்புகிறேன்.