ஆற்றின் தலைமாட்டில் செம்புச் சுரங்கம்: கூட்டத்தில் மூன்று நிமிடம் கிடைக்கும், என்ன கேட்பது?

பம்ப்அறைக்காரர்:

வணக்கம். ஊர்க் குடிநீர்த் தொட்டிக்கு ஆற்றிலிருந்து தண்ணீர் ஏற்றும் மோட்டாரைப் பத்தொன்பது வருடமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ஆறு கிளம்புகிற மலையில், எங்கள் உறைகிணற்றுக்குப் பதினான்கு கிலோமீட்டர் மேலே, திறந்தவெளிச் செம்புச் சுரங்கம் தோண்டத் திட்டம் வந்திருக்கிறது. மக்கள் கருத்துக் கேட்கும் கூட்டத்துக்கு இன்னும் ஐந்து வாரம்தான் இருக்கிறது.

கம்பெனியின் சுற்றுச்சூழல் அறிக்கையை வாங்கிவந்து இரவு இரவாகப் படிக்கிறேன். பாதி புரியவில்லை. புரிந்த ஒரு விஷயம்தான் தூங்கவிடவில்லை. ஆற்றுத் தண்ணீரை இரண்டே தடவை எடுத்துச் சோதித்திருக்கிறார்கள். இரண்டும் கோடையில்.

கோடையில் எங்கள் ஆறு சாது. மழைக்காலத்தின் முதல் வெள்ளம் வேறு ஆறு. மலைச்சரிவில் ஆறு மாதமாகக் கிடந்தது எல்லாவற்றையும் ஒரே இரவில் வழித்துக்கொண்டு வரும். அன்றைக்கு மோட்டாரைப் போடவே மாட்டேன். பத்தொன்பது வருடத்து முதல் வெள்ளத் தேதியும் என் நோட்டில் இருக்கிறது. அந்தத் தண்ணீரைப் பற்றி அறிக்கையில் ஒரு வரிகூட இல்லை.

கழிவுக் குழம்பைத் தேக்கும் அணையை இரண்டு ஓடைகள் சேருகிற இடத்தில் கட்டப்போகிறார்களாம். ‘நிரந்தரமாகப் பாதுகாக்கப்படும்’ என்று எழுதியிருக்கிறது. யார் பாதுகாப்பார்கள், எத்தனை காலம்?

ஊரில் எல்லோரும் எதிர்ப்பு இல்லை. என் அக்கா மகனே வேலை கிடைக்கும் என்று காத்திருக்கிறான். அவன்மேல் எனக்குக் கோபம் கிடையாது. எனக்கு வேண்டியது, அவர்கள் மழுப்ப முடியாத கேள்விகள்.

மாதிரிக்குப்பி:

ஐயா, நான் ஒரு உலோகச் சுரங்கத்தில் பன்னிரண்டு வருடம் தண்ணீர் மாதிரி எடுத்தவன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் பாறை. செம்புத் தாதோடு பெரும்பாலும் பைரைட் என்கிற இரும்புக் கந்தகக் கனிமம் கலந்திருக்கும். பூமிக்குள் இருக்கும்வரை தொந்தரவில்லை. உடைத்து வெளியே கொட்டினால், காற்றும் தண்ணீரும் பட்டுக் கந்தக அமிலம் உண்டாகும். அந்த அமிலம் செம்பு, துத்தநாகம், காட்மியம் எல்லாவற்றையும் கரைத்து இழுத்துவரும். ஒரு லிட்டரில் சில மைக்ரோகிராம் செம்பு கூடினாலே சால்மன் மீனின் மோப்பத் திறன் கெடும். மனிதன் குடிக்கிற அளவுகோலில் அது தெரியவே தெரியாது.

இந்த அமிலம் உடனே வராது. பாறையில் சுண்ணாம்பு இருந்தால் அது தீரும்வரை அமிலத்தை முறித்துக்கொண்டே இருக்கும். சில இடங்களில் அதற்கே வருடக்கணக்காகும். அதனால்தான் பாறைத்தூளை ஈரக்காற்றிலும் உலர்காற்றிலும் மாற்றி மாற்றி வைத்து, வாரம் ஒருமுறை கழுவி, அந்த நீரைச் சோதிக்கிறார்கள். குறைந்தது 20 வாரம் ஓடவேண்டிய சோதனை. எத்தனை துண்டுப் பாறையை, எத்தனை வாரம் சோதித்தார்கள் என்று எண்ணைக் கேளுங்கள்.

அடுத்தது அணை. 2014 ஆகஸ்ட் 4 அன்று கனடாவில் மவுண்ட் பாலி சுரங்கத்தின் கழிவணை உடைந்து, சுமார் 2.5 கோடி கன மீட்டர் நீரும் கழிவும் வெளியேறியது. அணைக்கு அடியில் பழைய பனியாற்று ஏரியின் பலவீனமான வண்டல் படுகை இருந்ததை வடிவமைப்பில் கணக்கெடுக்கவில்லை என்று விசாரணைக் குழு சொன்னது. ஆகவே, அணை வரப்போகிற இடத்தில் எத்தனை துளை போட்டார்கள், எவ்வளவு ஆழம் என்று கேளுங்கள்.

ஆனால் இதையெல்லாம்விட முக்கியம் ஒன்று உண்டு. நான் வேலை செய்த இடத்தில், கீழே இருந்த மக்கள் ஆறு மாறிவிட்டது என்று வந்து நின்றார்கள். உண்மையிலேயே மாறியிருந்தது. ‘முன்னால் எப்படி இருந்தது, காட்டுங்கள்’ என்று கேட்டபோது அவர்களிடம் ஒரு காகிதம் இல்லை. முந்தைய கணக்கு எங்கள் அலமாரியில் மட்டும் இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. இன்றைக்கும் அது உறுத்துகிறது.

கூட்டம் வரை காத்திருக்காதீர்கள். இந்த வாரமே அளக்கத் தொடங்குங்கள்.

செம்புக்கம்பி:

ஒன்று கேட்கலாமா? மோட்டார், மின்கம்பி, கைபேசி எல்லாவற்றுக்கும் செம்பு வேண்டும். எல்லா ஊரும் ‘இங்கே வேண்டாம்’ என்றால் எங்கேதான் தோண்டுவது?

பம்ப்அறைக்காரர்:

நியாயமான கேள்வி. என் மோட்டாருக்குள் இருப்பதும் செம்புச் சுருள்தான். இரண்டு தடவை நானே கட்டியிருக்கிறேன். நான் செம்பை எதிர்க்கவில்லை. குடிதண்ணீருக்கு நேர் மேலே, கோடைத் தண்ணீரை மட்டும் பார்த்துவிட்டு, முடியும் என்று சொல்வதை எதிர்க்கிறேன்.

ஆற்றங்கரையாள்:

அண்ணா, எங்கள் பகுதியிலும் ஒரு திட்டம் வந்து, ஆறு வருடம் கூட்டம் கூட்டமாக அலைந்தோம். ஒரே ஆள் பேசினால் அவரைத் தனியாக ஒதுக்கிவிடுவார்கள். மேலே மாடு மேய்க்கிறவர், மீன் பிடிக்கிறவர், கீழே பாசனம் செய்கிறவர் என்று ஆளுக்கொரு கேள்வியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். அலாஸ்காவின் பிரிஸ்டல் விரிகுடாவில் பெபிள் சுரங்கத்துக்கு எதிராகப் பழங்குடியினரும் மீன்பிடித் தொழில் செய்கிறவர்களும் ஒரே பக்கம் நின்றார்கள். 2023 ஜனவரியில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை அதைத் தடுத்தது. ஒடிசாவின் நியம்கிரியில் 2013இல் 12 கிராம சபைகளும் பாக்சைட் சுரங்கம் வேண்டாம் என்று தீர்மானம் போட்டன.

ஜெயித்த பிறகும் நோட்டை மூடாதீர்கள். எல் சால்வடோர் 2017இல் உலோகச் சுரங்கத்தையே தடைசெய்த நாடு. 2024 டிசம்பரில் அந்தத் தடையை எடுத்துவிட்டார்கள்.

உங்கள் அக்கா மகனையும் தண்ணீர் எடுக்கக் கூட்டிப்போங்கள். வேலை வேண்டும் என்கிற பையன் கையெழுத்துப் போட்ட கணக்கை யாரும் ஒருதலைப்பட்சம் என்று தள்ள முடியாது.

மாதிரிக்குப்பி:

ஆற்றங்கரையாள் அக்கா சொன்னது சரி. மூன்று இடம் போதும்: சுரங்கத்துக்கு மேலே, ஓடைகள் சேர்ந்ததற்குக் கீழே, உங்கள் உறைகிணறு. எப்போதும் அதே இடம். கையடக்க மீட்டரில் கடத்துத்திறனும் (தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும் அளவு; கரைந்த உப்பு கூடினால் இது ஏறும்) அமிலத்தன்மையும் பாருங்கள். அமிலத்தன்மை மாறுவதற்கு முன்னாலேயே, கந்தக அமிலத்திலிருந்து வரும் சல்பேட் உப்பும் கடத்துத்திறனும் ஏறத் தொடங்கலாம். உலோகச் சோதனைக்கு, அமிலம் விட்ட குப்பியை ஆய்வகத்திலேயே கேட்டு வாங்குங்கள். மூடிமேல் தேதி, நேரம், இரண்டு சாட்சிக் கையெழுத்து. முதல் வெள்ளத்தன்று எப்படியாவது எடுத்துவிடுங்கள்.

பம்ப்அறைக்காரர்:

இன்று காலை ஆறரைக்குப் போனோம். நான், அக்கா மகன், மீன் பிடிக்கிற இருவர். மேல் இடத்தில் கடத்துத்திறன் 61, ஓடைகளுக்குக் கீழே 74, கிணற்றில் 112. கிணற்றில் ஏன் கூடுதல் என்று தெரியவில்லை, மறுபடி பார்க்கவேண்டும். பையன்தான் எண்களை எழுதினான். என் கையெழுத்தைவிடத் தெளிவாக இருக்கிறது. அடுத்த வியாழக்கிழமை அதே நேரம் மறுபடியும் போகிறோம்.