புதுப்பிப்பு: செட்டிங் ஸ்ப்ரே போட்டும் மேக்கப் நிற்கவில்லை (தீர்வு கிடைத்தது)

மதியத்துக்குள் மூக்கோரத்திலும் தாடையிலும் ஃபவுண்டேஷன் திட்டுத்திட்டாகப் பிரிகிறது, மேக்கப் கலையாமல் இருக்க மேலே அடிக்கும் செட்டிங் ஸ்ப்ரே போட்டும் பயனில்லை, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

கைகொடுத்தது, பவுடருக்கு முன்பும் ஒரு தடவை அடிக்கச் சொன்ன யோசனைதான். ஃபவுண்டேஷன் மேல் மெல்லிசாக ஒரு ஸ்ப்ரே, நன்றாகக் காய்ந்ததும் பவுடர், எல்லாம் முடிந்தபின் மறுபடி ஒரு ஸ்ப்ரே. இப்போது மாலை வரை அப்படியே இருக்கிறது. மூக்குக்கண்ணாடி உட்காரும் இடம் மட்டும் லேசாக அழிகிறது. பாட்டிலைக் குலுக்கி, 20-25 செ.மீ. தள்ளிப் பிடியுங்கள், கிட்டத்தில் அடித்தால் பெரிய துளிகள் விழுந்து பவுடரில் புள்ளி புள்ளியாகத் தெரியும்.

அப்புறம், ஸ்ப்ரேயில் என்ன கலந்திருக்கிறது என்று லேபிளைப் பார்க்கச் சொன்னதும் ரொம்பச் சரி. பிவிபி (PVP) மாதிரி, காய்ந்ததும் மெல்லிய படலம் உண்டாக்கும் பாலிமர்தான் மேக்கப்பைப் பிடித்து நிறுத்துகிறது. வெறும் தண்ணீரும் கிளிசரினும் உள்ள மிஸ்ட் வகை ஸ்ப்ரே, பவுடர் பூசியது தெரியாமல் முகத்தைப் பளிச்சென்று காட்டும், அவ்வளவுதான்.

எதிர்பாராத ஒன்று: கண்ணை மூடி அடித்தபோது மஸ்காரா நனைந்து கீழிமையில் கறுப்பாக ஒட்டிக்கொண்டது. இப்போது ஸ்ப்ரே காய்ந்த பிறகே மஸ்காரா போடுகிறேன். ஆல்கஹால் கலந்த ஸ்ப்ரே என்பதால் மூக்கோரம் வறண்டது. முன்கூட்டியே மாய்ஸ்சரைசர் தடவியதும் அதுவும் சரியாகிவிட்டது.